நிழல் விழாத மேனி

தமயந்தியின் சுயம்வர மண்டபத்தில் ஐந்து நளன்கள் இருந்தார்கள். இந்திரன், அக்கினி, வருணன், யமன் நால்வரும் நளனுடைய உருவத்தையே எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். இவர்களில் மனிதன் யார் என்று அவள் கண்டுகொண்ட விதத்தை மகாபாரதம் விரிவாகச் சொல்கிறது. தேவர்களுக்கு வியர்க்கவில்லை. கண் இமைக்கவில்லை. மாலை வாடவில்லை. மேனியில் தூசி இல்லை. கால் தரையில் பாவவில்லை. நிழலும் விழவில்லை. புகழேந்தியின் நளவெண்பாவில் இந்த அடையாளங்கள் சுருங்கிவிடுகின்றன. இமைக்கிற கண், மண்ணில் படிகிற கால், வாடுகிற மாலை ஆகியவற்றை வைத்தே அங்கே தமயந்தி நளனைத் தேர்ந்துகொள்கிறாள். எனக்கு மகாபாரதம் சொல்கிற அந்த நிழல்தான் விடாமல் மனதில் நிற்கிறது. தெய்வத்துக்கு நிழல் கிடையாது என்றால், எண்ணெய் வண்ண ஓவியன் என்ன செய்வான்?

அவன் கையில் இருப்பதே நிழல்தான். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் காய்வதற்கு நாள் கணக்காகும். காய்வதற்குள் ஒரு நிறத்தை இன்னொரு நிறத்துக்குள் இழைத்துவிடலாம். கன்னத்து வெளிச்சம் எந்த இடத்தில் முடிந்து தாடையின் இருட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. காய்ந்தபின் அதன்மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால் தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுவதுபோல ஒரு சூடு வரும். சுண்ணாம்புச் சுவரில் வரைகிறவருக்கு இந்த வசதி இல்லை. சுவர் ஈரத்தைக் குடித்துவிடும். நிறம் வைத்த இடத்தில் நின்றுவிடும். உருவத்தைத் தாங்குவது கோடு. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய இருட்டு நடைவழியில் இருக்கிற சோழர் கால ஓவியங்கள் அந்தக் கோட்டினால்தான் ஆயிரம் ஆண்டு கழித்தும் அசைகின்றன.

தஞ்சாவூர்ப் பலகைப் படத்தின் வழி வேறு. பலகைமேல் துணி ஒட்டி, சுக்கான் மாவையும் பசையையும் கலந்து நகைகளைப் புடைப்பாக எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கு பதிப்பார்கள். அங்கே வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்கவே முடியாது. படமே ஒளி விடுகிறது.

ஆகவே எண்ணெய் வண்ணம் நம் தெய்வங்களிடம் வந்தபோது சீலைக்கும் சாயத்துக்கும் மேலான ஒன்று மாறியது. சங்கு, சக்கரம், வேல், வீணை, தாமரை என்று ஒவ்வொரு தெய்வத்துக்கும் உள்ள சின்னங்கள் எல்லாமே படத்தில் இருந்தன. அவை முன்பு செய்த வேலையைத் தொடர்ந்து செய்தனவா என்பதே கேள்வி.

ஒரு ஸ்தபதிக்குச் சின்னம் என்பது கையில் பிடித்திருக்கிற பொருள் மட்டும் இல்லை. உடம்பின் அளவே சின்னம். தாலமானக் கணக்கில் பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாலம். அதாவது முகத்தின் நீளத்தைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு உயரம். மனிதர்களுக்கு அஷ்டதாலம், எட்டு மடங்கு. குட்டைக் கால் பிள்ளையாருக்கு ஐந்து தாலம் போதும். கல்லைப் பார்த்த மாத்திரத்தில் இது மனித உடம்பில்லை என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று சொல்கிறதே, அதற்கு இந்தக் கணக்குதான் காரணம். நிற்கும் வளைவு, விரல்களின் முத்திரை, கிரீடத்தின் வகை, கடைசியில் கண் திறப்பது என்று எல்லாமே தியான சுலோகத்துக்குக் கட்டுப்பட்டவை. அந்தச் சுலோகத்தை மனதில் ஓட்டிக்கொண்டே உளி பிடிப்பது மரபு. எதிரில் ஆளை உட்காரவைத்துப் பார்த்துச் செய்வது வழக்கமில்லை.

எண்ணெய் ஓவியனோ எதிரில் ஓர் ஆளை உட்காரவைத்துப் பார்க்கிறான். மனித உடம்பு மனித அளவில்தான் இருக்கும். தசதாலம் போயிற்று. மேனி முழுவதும் சுமந்துகொண்டிருந்த பொருளை இப்போது கையிலிருக்கிற தாமரையும் காலடியிலிருக்கிற வாகனமும் மட்டுமே சுமக்கவேண்டியதாயிற்று.

இதைத் தொடங்கிவைத்தவர் ரவிவர்மா என்று பொதுவாகச் சொல்வார்கள். அது முழு உண்மையில்லை. அவருக்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், வங்காளத்தில் பெயர் தெரியாத ஓவியர்கள் துர்க்கையையும் கண்ணனையும் சிவ குடும்பத்தையும் எண்ணெய் வண்ணத்தில் வரைந்திருக்கிறார்கள். ஐரோப்பியரிடம் கற்ற நிழலை வைத்துவிட்டு, மனம் கேளாமல் நகைகளில் பொன் நிறத்தையும் தீட்டியிருக்கிறார்கள். இரண்டு உலகங்களுக்கு நடுவே நிற்கிற அந்தத் தயக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அந்தப் படங்கள் பணக்கார வீடுகளுக்குள் தங்கிவிட்டன. நாடு முழுவதும் வீட்டுச் சுவரை மாற்றியவர் ரவிவர்மாதான்.

1848-இல் கிளிமானூரில் பிறந்த அவருக்கு எண்ணெய் வண்ணம் எளிதில் கிடைத்துவிடவில்லை. திருவனந்தபுரம் அரண்மனையில் இருந்த ஓவியர் ராமசாமி நாயக்கர் அந்த நுட்பத்தை அவருக்குச் சொல்லித்தர மறுத்தார் என்றும், நாயக்கரின் மாணவரான ஆறுமுகம் பிள்ளை இரவில் ரகசியமாக வந்து உதவினார் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தபோது, அவர் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் ரவிவர்மாவுக்கு இடம் கிடைத்தது. பார்த்தே கற்றுக்கொண்டார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கேட்டுக்கொண்டபடி ராமாயண, பாரதக் கதைகளை வைத்து 14 ஓவியங்களை 1890-க்குள் முடித்தார். அவர் படங்களை அச்சிட்டுப் பரப்பினால் நாட்டுக்கே நல்லது என்று முதலில் யோசனை சொன்னவர் திருவாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவராவ். 1894-இல் பம்பாயில் ரவிவர்மாவின் அச்சகம் எழுந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் என்று பல கற்களில் அடுத்தடுத்து அச்சடித்து, மேலே வார்னிஷ் பூசி, எண்ணெய் ஓவியம் போன்ற பளபளப்போடு வந்த அந்த ஓலியோகிராஃப் படங்கள் கடைத்தெருவுக்குப் போயின.

திருவாங்கூரில் எல்லா இந்துக்களும் கோயிலுக்குள் நுழையலாம் என்ற பிரகடனம் வந்தது 1936-இல். மதுரை மீனாட்சி கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939-இல். அதற்கு நாற்பது ஆண்டுக்கும் முன்பே, கருவறை வாசலை எட்டிப்பார்க்கவும் உரிமை இல்லாத வீடுகளுக்குள் லட்சுமியும் சரஸ்வதியும் காகிதத்தில் நுழைந்துவிட்டார்கள். இந்தப் படங்களின் கலை மதிப்பைப் பற்றி யார் என்ன சொன்னாலும் இந்த ஒன்றை மறக்க எனக்கு மனம் வராது.

இப்போது 1896-இல் ரவிவர்மா வரைந்த அந்த லட்சுமியைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். குளத்தில் மலர்ந்த தாமரையின்மேல் நிற்கிறாள். மேல் கைகள் இரண்டிலும் தாமரை. ஒவ்வொரு தோளிலிருந்தும் இரண்டு கைகள் பிரிவதை மறைக்க சேலைத் தலைப்பும் தலைமுடியும் உதவுகின்றன. கைகள் முளைக்கும் இடத்தை நிழலுக்குள் தள்ளிவிட்டார். ஒரு பக்கம் தண்ணீரில் இறங்கி நிற்கிற யானை துதிக்கையில் மாலையை நீட்டுகிறது. மறுபக்கம் அன்னங்கள்.

அந்த ஒற்றை யானையைக் கவனிக்கவேண்டும். நம் கோயில் நிலைக்கதவுக்கு மேலே, பழைய வீடுகளின் வாசல் உத்தரத்தில், கஜலட்சுமியின் இருபுறமும் இரண்டு யானைகள் நிற்கும். இரண்டும் குடத்தைக் கவிழ்த்து அவள் தலையில் நீர் வார்க்கும். யானை மேகம், நீர் மழை, நடுவில் இருப்பவள் நிலத்தின் செழிப்பு. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால்தான் அவள் நடுவாகிறாள், உலகத்துக்கே அச்சாகிறாள். ரவிவர்மா இரண்டில் ஒரு யானையை எடுத்துவிட்டார். குடத்தைப் பிடுங்கி மாலையைக் கொடுத்தார். இப்போது அது மேகம் இல்லை. குளத்தில் குளிக்க வந்த இடத்தில் அம்மனைக் கண்டு மகிழ்ந்துபோன ஒரு யானை. சின்னம் அங்கேயே இருக்கிறது, ஆனால் காட்சியில் ஒரு பாத்திரமாக மாறிவிட்டது. இதைக் குறை என்று மட்டும் சொல்லி முடித்துவிட நான் தயாரில்லை. அந்த யானையின் அன்பு கல்லில் இல்லாதது.

சரஸ்வதியும் அப்படித்தான். நீர்க்கரைப் பாறையில் உட்கார்ந்து வீணை வாசிக்கிறாள். முன்கைகள் இரண்டும் உண்மையிலேயே தந்திமேல் இருக்கின்றன. பின்கைகளில் சுவடியும் ஜபமாலையும். கரையில் மயில். மயிலைக் கண்டதும் தமிழ் மனம் முருகனைத் தேடும். மராட்டியத்தில் அது கலைமகளின் பறவை. நாடு முழுவதும் சுற்றி, எந்த ஊருக்கும் அந்நியமாகாத முகத்தையும் உடையையும் தேடிய ஓவியர் அவர். சேலையே அதற்குச் சாட்சி. அவர் கைபட்ட பிறகுதான் இந்தியா முழுவதும் தேவியர் ஒரே மாதிரியான சேலை கட்டத் தொடங்கினார்கள்.

கங்கை இறங்குவதை அவர் வரைந்த படத்தில் சிவன் கால்களை அகட்டி ஊன்றி நிமிர்ந்து வானத்தைப் பார்க்கிறார். அற்புதமான படம். ஆனால் அது பூஜை அறைக்குள் போகவில்லை. ஜடாயுவின் சிறகை ராவணன் வெட்டுகிற படமும் போகவில்லை. நம் வீடுகளில் இந்தப் பிரிவினை எப்போதும் தெளிவாக இருந்திருக்கிறது: கதைப் படம் கூடத்துக்கு, சாமி படம் பூஜை அறைக்கு. என் பாட்டி இதற்கு ஒரே ஒரு சோதனைதான் வைத்திருந்தார். படத்துக்கு முன்னால் போய் நிற்பார். சாமி தன்னைப் பார்க்கிறதா என்று பார்ப்பார். பார்த்தால் அது சாமி படம். எத்தனையோ நூல்களைப் படித்த பிறகும், பக்தி ஓவியத்துக்கு இதைவிடச் சரியான இலக்கணம் எனக்குக் கிடைக்கவில்லை. கிரீடமும் ஆயுதமும் வாகனமும் எல்லாம் அந்தப் பார்வைக்குப் பிறகுதான். ஸ்தபதிகள் கண்ணை ஏன் கடைசியில், தங்க ஊசியால், சடங்கோடு திறக்கிறார்கள் என்பதும் அதில் அடங்கிவிடுகிறது.

ரவிவர்மாவுக்குக் கடுமையான எதிர்ப்பும் வந்தது. கொழும்பில் பிறந்த தமிழ்த் தந்தையின் மகன், கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி, அவர் படங்களில் நாடகத்தனம் மிகுந்திருக்கிறது, புனிதமான பொருளுக்கு வேண்டிய கற்பனை இல்லை என்று எழுதினார். வங்காளத்தில் அவனீந்திரநாத் தாகூர் எண்ணெய் வண்ணத்தையே விட்டுவிட்டு நீரில் கழுவிக் கழுவி நிறம் ஏற்றும் முறைக்குப் போனார். அவருடைய 1905-ஆம் ஆண்டு பாரத மாதாவுக்கும் நான்கு கைகள்: சுவடி, நெற்கதிர், வெள்ளைத் துணி, ஜபமாலை. ஆயுதமே இல்லாத ஒரு தேவி. படிப்பு, சோறு, உடை, தவம் ஆகியவற்றை நாட்டுக்கு வேண்டிய வரமாகக் கையில் கொடுத்தார். சின்னம் எப்படிப் பிறக்கிறது என்பதை நம் காலத்துக்கு அருகிலேயே காட்டுகிற படம் அது.

குமாரசுவாமி சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் அவர் ஓவியனின் கையை மட்டும் பார்த்தார். படத்தை வாங்கிப்போன வீட்டில் அதற்கு என்ன நடந்தது என்பது அவர் வாதத்துக்குள் வரவில்லை.

செட்டிநாட்டில் ஒரு பழைய வீட்டின் வளவில் ஒரு லட்சுமி படத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அதே 1896 லட்சுமிதான், ஓலியோகிராஃப். ஆனால் அச்சான சேலைக்கு மேலே அதே வடிவத்தில் வெட்டிய உண்மையான பட்டுத் துணி ஒட்டியிருந்தது. கரைக்கு ஜரிகை. ஒட்டியாணத்துக்கும் கிரீடத்துக்கும் சமிக்கி. யானையின் நெற்றியிலும் நான்கு சமிக்கி. ரவிவர்மா அவ்வளவு பாடுபட்டு வரைந்த சேலை மடிப்புகளும், மடிப்புக்குள் இருந்த இருட்டும், இடுப்பில் விழுந்த நிழலும் துணிக்கு அடியில் போய்விட்டன. முகமும் கைகளும் பாதமும் மட்டும் அச்சு. மற்றதெல்லாம் தட்டையாக, முன்னால் பார்த்தபடி, மின்னிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண்கள் யாரோ, கத்தரிக்கோலும் பசையும் வைத்துக்கொண்டு, எண்ணெய் ஓவியத்தைத் திரும்பவும் தஞ்சாவூர்ப் பலகைப் படமாக மாற்றியிருந்தார்கள். செட்டிநாட்டில் இப்படிப்பட்ட படங்கள் நிறைய உண்டு. அலங்காரம் என்று சொல்லித் தாண்டிப்போகிறோம். தமயந்தியின் சோதனையை அவர்கள் படத்துக்கு வைத்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நிழல் விழுந்த இடத்தையெல்லாம் மூடிவிட்டார்கள்.

அதே வேலையைத் தூரிகையால் செய்தவர் கோவில்பட்டி கொண்டையராஜு. 1898-இல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் மேல்நாட்டு முறையைக் கற்று, சில காலம் திருவண்ணாமலையில் ரமணரின் ஆசிரமத்தில் சாதுவாக இருந்து, பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர். 1942-இல் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தபோது அங்கேயே தங்கிவிட்டார். பக்கத்தில் சிவகாசியில் அச்சுத் தொழில் வளர்ந்துகொண்டிருந்தது. டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் போன்ற மாணவர்களோடு அவர் வரைந்த படங்கள் தென்னாட்டுக் கடைகளின் காலண்டரிலெல்லாம் ஏறின. அச்சுக்குப் போகிற படங்களைப் பெரும்பாலும் நீரில் கரைகிற வண்ணத்தில்தான் வரைந்தார்கள். ஆனாலும் கன்னத்தின் உருட்டு, சதையின் மென்மை, தூரத்து மலையின் நீலம் எல்லாம் எண்ணெய் ஓவியம் கற்றுத்தந்தவை.

அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். ரவிவர்மாவின் சதையையும் சாயலையும் வைத்துக்கொண்டார். உடம்பை நேராகத் திருப்பினார். வெளிச்சத்தை ஒரு பக்கத்திலிருந்து எடுத்து முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தார், கருவறையில் தீபாராதனைத் தட்டு நிற்கிற இடத்துக்கு. கஜலட்சுமிக்கு இரண்டாவது யானையைத் திருப்பிக் கொடுத்தார். நாடகத் திரையின் மலையும் அருவியும் பின்னால் இருக்கும்; அவற்றின் நிழல் தெய்வத்தின்மேல் விழாது. கண்கள் மட்டும் ஒரு மாற்றுப் பெரிதாக, நேராகப் பார்க்கும். என் பாட்டியின் சோதனையில் அவருடைய படங்கள் ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

காலண்டர்கள் சேர்த்தவையும் உண்டு. ரவிவர்மாவின் லட்சுமி கையிலிருந்து காசு கொட்டவில்லை. கடைக்காரர்கள் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் படமாக அவள் ஆனபிறகு தங்கக் காசு அருவியாகக் கொட்டத் தொடங்கியது. மழையாக இருந்த செல்வம் நாணயமாக மாறியது எனக்கு வருத்தம் தருகிறது. தாமரையைவிடக் காசு எளிதில் புரியும், ஆனால் அதில் ஒரே பொருள்தான் இருக்கிறது.

இன்னொரு வருத்தம் ஆறுமுகத்தைப் பற்றியது. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு தொழில் சொல்கிறார். ஒன்று உலகத்தின் இருள் நீங்க ஒளி தருகிறது. ஒன்று அன்பருக்கு வரம் கொடுக்கிறது. ஒன்று வேள்வியைக் காக்கிறது. ஒன்று மறைபொருளைத் திங்களைப்போல் விளக்குகிறது. ஒன்று போர்க்களத்தில் சினக்கிறது. ஒன்று வள்ளியைப் பார்த்துச் சிரிக்கிறது. ஓர் ஓவியனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? சினத்தையும் கருணையையும் காதலையும் ஒரே கழுத்துக்கு மேல் தீட்டிக்காட்ட எண்ணெய் வண்ணத்தைவிட ஏற்ற சாதனம் இல்லை. கல்லில் செய்ய முடியாததை அதில் செய்திருக்கலாம். ஆனால் நான் பார்த்த படங்களில் எல்லாம் ஆறு முகத்துக்கும் ஒரே புன்னகை. ஒரே அச்சில் வார்த்ததுபோல வரிசையாக நிற்கின்றன. இந்த வேலை இன்னும் மீதமிருக்கிறது. யாராவது ஓர் இளைஞர் நக்கீரரைக் கையில் வைத்துக்கொண்டு செய்யவேண்டும்.

நிறத்திலும் ஒரு சின்னம் தொலைந்தது. திருமால் மேகம்போல் கருத்தவர். சிவன் நம் பக்திப் பாடல்களில் செம்மேனியர், மேலே வெண்ணீறு. வடமொழித் துதிகளில் கற்பூரம்போல் வெளுத்தவர். இன்றைய படங்களில் இருவருமே நீலம். கருப்பு மேனியில் நிழலை இழைத்துக் காட்டுவது கடினம், இருட்டுக்குள் இருட்டு மறைந்துவிடும். நீலத்தில் நன்றாகத் தெரியும். திருமாலுக்கு நீலம் வசதியாக வந்தது இதனால்தான் என்பது என் எண்ணம். சிவனுக்கோ கண்டத்தில் மட்டும் இருக்கவேண்டிய நீலம் உடம்பெல்லாம் பரவிவிட்டது. நஞ்சை அங்கேயே நிறுத்திவைத்தார் என்ற கதையின் உயிரே அந்த ஒரு பட்டை நிறத்தில் இருந்தது.

இதையெல்லாம் கண்டு எண்ணெய்ப் பாதையே வேண்டாம் என்று விலகியவர் எஸ். ராஜம். பாடகர், ஓவியர். அஜந்தா ஓவியங்களின் கோட்டு முறையை எடுத்துக்கொண்டு நவக்கிரகங்களையும் சங்கீத மும்மூர்த்திகளையும் வரைந்தார். அவர் கோட்டில் தெய்வத்துக்கு நிழல் இல்லை. அவரைப் பற்றித் தனியாகத்தான் எழுதவேண்டும்.

எங்கள் வீட்டில் பாட்டி காலத்துச் சரஸ்வதி படம் இன்னும் இருக்கிறது. வார்னிஷ் பழுத்து வெள்ளைச் சேலை தேன் நிறமாகிவிட்டது. நவராத்திரிக்கு ஆணியிலிருந்து இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்போம். பொட்டு கண்ணாடியில்தான் நிற்கும், நெற்றியைத் தொடாது. நேராக நின்றால் சரியான இடத்தில் இருக்கும். கொஞ்சம் நகர்ந்தால் புருவத்துக்கு மேலே விலகிவிடும். அதனால் பாட்டி எங்களை நேராகவே நிற்கச் சொல்வார். படத்தில் வெளிச்சம் ஒரு பக்கமாக அடிக்கிறது, பாறையில் அவளுடைய நிழல் மெல்லிசாக விழுந்திருக்கிறது. குத்துவிளக்கை முன்னால் வைத்து ஐந்து முகமும் ஏற்றினால் கண்ணாடி முழுக்கச் சுடர் தெரியும். பாறை தெரியாது, நிழல் தெரியாது, மயிலும் தெரியாது. பொட்டும், அதற்குக் கீழே இரண்டு கண்ணும் தெரியும்.